மோரிஸ் மைனர் 1000: மின்கோளாறும் சூடேற்றமும் – தேடிப் பிடிக்கும் முறை

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை ஓட்டுபவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார்களில் இரண்டுதான் அடிக்கடி வரும். 'பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது' என்பது ஒன்று, 'வண்டி சூடாகிறது' என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி நோயாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு எலக்ட்ரீஷியனையும் மற்றொன்றுக்கு ரேடியேட்டர் கடையையும் தேடிப் போகிறோம். ஆனால் இந்த வண்டியில் டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) தேய்ந்து தீப்பொறி தாமதமானால் இஞ்சின் கொதிக்கும். கொதிக்கிறதே என்று மின்சார ஃபேன் மாட்டினால் பேட்டரி இறங்கும். அதனால்தான் இங்கே இரண்டையும் ஒரே வரிசையில் பார்க்கிறோம்.

இந்த வழிகாட்டி 948 சிசி (1956 முதல்), 1098 சிசி (1962 முதல்) இஞ்சின் உள்ள மைனர் 1000 வண்டிகளுக்கானது. டைனமோவும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் லூக்காஸ் கட்டவுட் பெட்டியும் உள்ள பழைய அம்பாசடருக்கும் சோதனை முறை பெரும்பாலும் இதேதான். அதன் 1489 சிசி இஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பத்தைச் சேர்ந்தது. அளவுகளை மட்டும் அந்த வண்டியின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் கம்பெனி என்றாலே இருட்டு என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. பாதி அநியாயம். அறுபது வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த செம்பு இணைப்பு எந்தக் கம்பெனி செய்ததானாலும் பச்சை பூக்கத்தான் செய்யும்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் 5 வாட் பல்பில் இரண்டு ஒயர் சேர்த்த டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், மெல்லிய உப்புத்தாள், கம்பி பிரஷ், வாசலின், சமையலறை வெப்பமானி. கடைசியில் சொன்னது தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க.

மைனர்கள் ஆலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம், எண்தான் முக்கியம். ஆனால் பாசிட்டிவ் எர்த் வண்டியில் இன்றைய ரேடியோவையோ யுஎஸ்பி சார்ஜரையோ யோசிக்காமல் மாட்டினால் புகை வரும்.

இஞ்சின் ஓடும்போது சோதிக்கையில் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, வேட்டி நுனி எதுவும் ஃபேன் அருகே வரக்கூடாது. இந்த ஃபேனுக்குக் கூடு கிடையாது.

முதல் படி: பேட்டரி, பிறகு எர்த்

இரவு முழுதும் நின்ற வண்டியில், எதையும் போடாமல், பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் வெளியே எடுத்துச் சார்ஜ் போடுங்கள். இறங்கிய பேட்டரியை வைத்துச் செய்யும் மற்ற எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அதே முனைகளைப் பாருங்கள். வண்டி பிடித்துக்கொள்ளாமல் இருக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி வையுங்கள். 10 வோல்ட் அருகில் நின்றால் பேட்டரிக்குக் குறையில்லை. 9-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது.

பேட்டரி 10-இல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறதா? அப்படியானால் வோல்ட் வழியில் தொலைகிறது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (கவ்வியில் அல்ல, ஈய முனையிலேயே) மற்றதை இஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது. பிறகு முள்ளை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள். முனையிலிருந்து கவ்வி, கவ்வியிலிருந்து பாடி, பாடியிலிருந்து கியர்பாக்ஸ், கியர்பாக்ஸிலிருந்து பிளாக். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அந்த இணைப்பைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள்.

இஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று அவசியம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பது சர்வசாதாரணம். பட்டை இல்லாவிட்டால் செல்ஃபின் மின்னோட்டம் முழுதும் சோக் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். படுத்துக் கீழே பாருங்கள், பட்டை இருக்காது.

'டக்' என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டால் செல்ஃபின் பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். அடிக்கடி சிக்கினால் கழற்றி பெட்ரோலில் கழுவி உலர்த்துங்கள். அந்தத் திருகுப் பகுதிக்கு எண்ணெய் விடக்கூடாது. எண்ணெயில் கிளட்ச் தூசி ஒட்டித்தான் அது சிக்கிக்கொள்கிறது.

இரண்டாம் படி: சார்ஜ் ஆகிறதா

சிவப்பு எச்சரிக்கை விளக்கை நம்பலாம், ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். ஐடிலில் லேசாக மினுக்கினால் இயல்பு. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் கொடுக்காது. வேகத்திலும் மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பில் தடை. சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் கட்டவுட் (பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கும் சுவிட்ச்) பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் டைனமோ சுருள் கருகும்.

சார்ஜ் இல்லை என்றதும் பலர் டைனமோவை மாற்றுகிறார்கள். அதற்கு முன் பத்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. இறங்க வேண்டும். பிறகு:

1. டைனமோவின் பின்னால் உள்ள பெரிய முனை (டி), சிறிய முனை (எஃப்) இரண்டிலும் இருக்கும் ஒயர்களைக் கழற்றுங்கள்.
2. ஒரு துண்டுக் கம்பியால் அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள்.
3. மீட்டரை அந்தக் கம்பிக்கும் டைனமோவின் உடம்புக்கும் இடையே வையுங்கள்.
4. இஞ்சினை ஐடிலில் விட்டு, மெதுவாக நிமிடத்துக்கு 1,000 சுற்று வரை ஏற்றுங்கள்.

மீட்டரின் எண் தயங்காமல் 20 வோல்ட்டை எட்டினால் டைனமோவுக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கு மேல் வேகம் ஏற்ற வேண்டாம். அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை மட்டும் வந்தால் ஃபீல்ட் சுருளில் (டைனமோவின் நிலையான சுருள்) கோளாறு. நான்கைந்து வோல்ட் வந்தால் ஆர்மேச்சர், அதாவது உள்ளே சுற்றும் சுருள். ஒன்றுமே இல்லை என்றால் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். 9 மி.மீ.-க்குக் குறைந்த பிரஷை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் எழவில்லை என்றால், நெடுநாள் நின்றதில் டைனமோ தன் காந்தத்தை இழந்திருக்கலாம். எஃப் முனையில் ஒயர் இல்லாத நிலையில், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஓர் ஒயர் எடுத்து எஃப்-இல் இரண்டு மூன்று முறை கணநேரம் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும், அவ்வளவுதான். பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவாக மாற்றுபவர்களும் இதைச் செய்தாக வேண்டும். கூடவே இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டயோடு வைத்த புதிய எஸ்யு பெட்ரோல் பம்ப் இருந்தால் அது எந்த எர்த்துக்கானது என்பதையும் பாருங்கள்.

டைனமோ நல்லது, ஆனாலும் சார்ஜ் இல்லை என்றால் கட்டவுட் பெட்டிதான். ஆர்பி106 பெட்டியைத் திறந்தால் இரண்டு சுருள்கள் தெரியும், ஒன்று வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது, மற்றொன்று கட்டவுட். கட்டவுட் பாயிண்டுகளுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, டி முனைக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்து, இஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். எண் ஓரிடத்தில் துடித்து நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் அது 15.9-க்கும் 16.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். காகிதத்தை எடுத்துவிட்டால் கட்டவுட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூட வேண்டும். இந்த 16 வோல்ட் பேட்டரிக்கு நேராகப் போவதில்லை, சுமை ஏறும்போது இறங்கிவிடும்.

கட்டவுட் பாயிண்டை மெல்லிய உப்புத்தாள் துண்டால் மட்டும் துடையுங்கள், எமரித் தாள் கூடாது. திருகைத் தொடுவதற்கு முன் பெட்டியின் 'ஈ' (E) முனை எர்த்தைச் சரிபாருங்கள். அது தளர்ந்திருந்தால் பெட்டி தவறாக அளந்து, பேட்டரியைக் கொதிக்க விடும். இந்தப் பெட்டியைத் திருகிக் கெடுத்தவர்கள்தான் அதிகம், அது தானாகக் கெட்டது குறைவு.

மூன்றாம் படி: ஒளி, ஃபியூஸ், ஒயரின் நிறம்

லூக்காஸ் நிறங்களை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் வரைபடம் பாதி தேவைப்படாது. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் பெறுவது, ஃபியூஸ் இல்லாதது. பச்சை, அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டியது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். மஞ்சள் டைனமோவின் டி, மஞ்சளில் பச்சைக் கோடு எஃப்.

ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஃபியூஸ் பெட்டியில் ஏ1–ஏ2 என்று குறித்த முனைகளுக்கு நடுவே இருப்பது ஹாரனுக்கும் உள்விளக்குக்கும். ஏ3–ஏ4 பிரேக் விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் கேஜுக்கு. ஆக, ஹாரன் மட்டும் இல்லையென்றால் முதல் ஃபியூஸ். வைப்பரும் இண்டிகேட்டரும் சேர்ந்து போனால் இரண்டாவது. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லை, அங்கே ஒயர் உரசினால் ஒயர்தான் எரியும். தனி ஃபியூஸ் ஒன்று சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பழைய லூக்காஸ் ஃபியூஸில் '35' என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸில் அச்சடித்திருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. கடையில் '35' என்று கேட்டு வாங்கி மாட்டினால் காவல் பாதியாகிவிடும். 15 அல்லது 17 ஆம்பியர் வாங்குங்கள்.

விளக்கு மங்கலா? பல்பை மாற்றுவதற்கு முன் எரியும்போதே பல்பின் பின்னால் அளவெடுங்கள். 12 வோல்ட்டில் எரிய வேண்டிய பல்புக்கு 11 கிடைத்தால் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்கு போய்விடும். குற்றவாளி பெரும்பாலும் முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் உள்ள தோட்டா வடிவ இணைப்புகள், அல்லது பெயிண்டின் மேல் திருகிய எர்த். விளக்குப் போட்டதும் இண்டிகேட்டர் மினுக்கினால், பின்விளக்கில் எர்த் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இரவில் பேட்டரி இறங்குகிறதா? இந்த வண்டியில் கணினி இல்லை. எல்லாம் அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து எதுவும் போகக்கூடாது. ஒரு பேட்டரி ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வையுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும். பல்ப் எரிந்தால் கசிவு இருக்கிறது. ஏ1–ஏ2 ஃபியூஸை எடுங்கள். அணையவில்லை என்றால் டைனமோவின் டி ஒயரைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் கட்டவுட்தான்.

நான்காம் படி: தீப்பொறி – இரண்டு நோய்க்கும் நடுவில் இருப்பது

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் 0.64 மி.மீ. தீப்பொறி வரிசை 1-3-4-2. பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும், தீப்பொறி தாமதமாகும். எரிதல் பிந்துவதால் சூடு பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறாமல் இஞ்சின் தலைக்கும் (சிலிண்டர் ஹெட்) எக்ஸாஸ்டுக்கும் போகிறது. இழுவை குறைந்து, ரேடியேட்டர் கொதித்து, பேட்டரியும் டைனமோவும் நன்றாக இருக்கும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் தட்டு அசைந்து, உறிஞ்சல் நின்றால் சரி. காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே தோல் கிழிந்திருக்கிறது.

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிக்கு மூன்று பேர் மேல் சந்தேகம்: கண்டன்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர். அந்த ஒயர் மேலே முழுசாகத் தெரிந்தாலும் உறைக்குள் அறுந்திருக்கும், லேசாக இழுத்துப் பாருங்கள். காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே 3 முதல் 4 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால் யாரோ வேறு வண்டிக் காயிலை மாட்டியிருக்கிறார்கள், பாயிண்ட் கருகிக்கொண்டே இருக்கும். கண்டன்சரை மாற்றிப் பார்ப்பதுதான் எளிது. பெட்ரோல் பம்பையும் மறக்க வேண்டாம். இக்னிஷன் போட்டதும் சில தட்டல்கள் கேட்டு நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயிண்ட் அல்லது எர்த். நிற்காமல் தட்டினால் காற்று இழுக்கிறது அல்லது டேங்க் காலி.

ஐந்தாம் படி: எப்போது சூடாகிறது?

எங்கே சூடாகிறது என்பதைவிட எப்போது என்ற கேள்விதான் வழி காட்டும்.

நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை. பெல்ட், திருப்பி மாட்டிய ஃபேன், பூச்சியும் மண்ணும் அடைத்த ரேடியேட்டர் முகம், தாமதமான தீப்பொறி. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மட்டும் என்றால் தண்ணீர் போதவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், அல்லது பம்பின் உறிஞ்சலில் சப்பிப் போகும் கீழ் ஹோஸ். ஹோஸை வண்டி நிற்கும்போது பார்த்தால் நன்றாகவே இருக்கும், ஒருவர் வேகம் ஏற்றும்போது பாருங்கள். குளிர்ந்த இஞ்சின் ஓடத் தொடங்கிய சில நிமிடத்திலேயே என்றால் மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், காற்றுக் குமிழ், அல்லது ஹெட் கேஸ்கெட் (தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு). அணைத்த பிறகு தண்ணீர் கொஞ்சம் துப்பினால் பெரும்பாலும் எதுவுமே இல்லை. பம்ப் நின்றதும் இரும்பின் சூடு தண்ணீருக்கு இறங்குகிறது.

துப்புவதைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த வண்டியில் மிச்சத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் பாட்டில் கிடையாது. ரேடியேட்டரின் கழுத்து வரை நிரப்பினால், விரிவடையும் தண்ணீர் வெளியேதான் போகும். கழுத்துக்கு சுமார் 25 மி.மீ. கீழே விடுங்கள். தினமும் நிரப்பி, தினமும் துப்பி, 'கேஸ்கெட் போச்சு' என்று தலையைக் கழற்றியவர்கள் உண்டு.

ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குவது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போனால் 100-லேயே கொதிக்கும். அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விடும். வாங்கும்போது கழுத்தின் ஆழத்தையும் பாருங்கள். ஆழமான கழுத்தில் குட்டையான மூடி உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் அடைக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். வழக்கமானது 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். வெயில் நாடுகளுக்கு 74 டிகிரியும் உண்டு. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று கழற்றி எறிவது பெரிய தவறு. அது இல்லாதபோது தண்ணீர் முன்பக்கமாகவே சுற்றி, பின்னால் உள்ள நான்காம் சிலிண்டர் பக்கம் சூடு தேங்கும். பம்புக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் விரல் நீள பைபாஸ் ஹோஸையும் அதே நேரத்தில் மாற்றுங்கள். அது வெடித்தால் தெரிவதற்குள் தண்ணீர் முழுதும் போய்விடும்.

கழுவுதலும் நிரப்புதலும்

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியதன் பலன், கெட்டிலில் படிவது போன்ற வெள்ளைப் படிவு. அதோடு இரும்புத் துரு சேர்ந்து பிளாக்கின் பின்பக்க அடியில் சேறாக உட்காரும். பிளாக்கின் பின்புறம் உள்ள வடிகால் குழாயைத் திறங்கள். எதுவும் வரவில்லையென்றால் அது காலி என்று அர்த்தமில்லை, அடைத்திருக்கிறது. முழுதும் கழற்றிக் கம்பியால் குத்துங்கள், மேலே தெர்மோஸ்டாட் வாயிலிருந்து தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். தெளிவாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ரேடியேட்டரைத் தனியே இறக்கி, தலைகீழாக வைத்து, கீழ் வாயிலிருந்து மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். ஓடும்போது சூடான ரேடியேட்டர் முகத்தில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால், கடையில் கொடுத்துக் குழாய்களைக் குத்தி எடுக்கச் சொல்வதுதான் வழி. கழிவறை ஆசிட் ஊற்றும் வித்தை வேண்டாம். அது படிவோடு செம்பையும் ஈயத்தையும் தின்னும்.

நிரப்ப வேண்டியது சுமார் ஐந்தரை லிட்டர். மூன்றில் ஒரு பங்கு பழைய வகைப் பச்சைக் கூலன்ட், மீதி டிஸ்டில்ட் வாட்டர். நம் ஊரில் பனி உறையாது என்பது உண்மை, ஆனால் கூலன்டின் வேலை துருவைத் தடுப்பதும்தான். அது இனிக்கும், நஞ்சு. சிந்தியதை நாயோ பூனையோ நக்காமல் துடையுங்கள்.

ஹீட்டர் குழாயைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸ் சுடும்வரை காத்திருங்கள். அதாவது தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் இறங்கியிருக்கும், நிரப்பி மூடுங்கள். அப்போது தண்ணீரில் நிற்காமல் குமிழ் வந்தால், வேகம் ஏற்ற ஏற்ற குமிழும் கூடினால், கேஸ்கெட் வழியாகக் கேஸ் வருகிறது. கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு, பெரும்பாலும் 2-உம் 3-உம், சேர்ந்து குறைந்திருந்தால் அதுவே உறுதி. திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக 40 பவுண்ட்-அடிக்கு (சுமார் 5.5 கிலோகிராம்-மீட்டர்) இறுக்கி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. வையுங்கள்.

சாலையில் கொதித்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, குறைந்தது அரைமணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு ஈரத்துணி போட்டு முதல் தடை வரை மட்டும் திருகி, சீறல் அடங்கியதும் திறங்கள். தண்ணீரை, இஞ்சின் மெதுவாக ஓடும்போது, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலை பிளக்கும்.

மின்சார ஃபேன் வேண்டுமா?

சி40 டைனமோ அதிகபட்சம் கொடுப்பது 22 ஆம்பியர். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கு 10, பார்க்கிங் விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 3 முதல் 4, வைப்பருக்கு 2 முதல் 3. இதற்கே 17 முதல் 19 போய்விடுகிறது. சாதாரண மின்சார ஃபேன் இன்னும் 8 கேட்கும். மழை இரவில் நெரிசலில், டைனமோ மெதுவாகச் சுற்றும் நேரத்தில்தான் ஃபேனும் ஓடும். ஒரு மணி நேரத்தில் பேட்டரி கை விரித்துவிடும். மேலே சொன்னவற்றைச் சரிசெய்த மைனருக்கு அந்த ஃபேன் தேவைப்படுவதே அரிது. அப்படியும் வேண்டுமென்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த் என்பதால், அன்றே காயில் ஒயர்களையும் இடம் மாற்றி, புதிய ஒயரைக் குறைந்தது 6 சதுர மி.மீ. கனத்தில் பேட்டரி வரை தனியாக இழுங்கள்.